ஒரு நாள் பார்க்கலாம்

“விட்டுட்டு ஓடிட்டாங்கக்கா, எழுதி வச்சுக்குங்க” என்றாள் ஆயா, பையன் கடித்த கையைத் தடவிக்கொண்டே.

காப்பகத்தின் வார்டன் மறுபடியும் போன் செய்தாள். மணி போனது, எடுப்பாரில்லை. பேச வராத அந்தப் பத்து வயதுப் பையனை ஒரு நாள் வைத்துப் பார்க்கிறோம், சரிப்பட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்றுதான் காலையில் சொல்லியிருந்தாள். “போன இடமெல்லாம் முடியாதுன்னுட்டாங்க மேடம்” என்று அவன் அம்மா கும்பிட்டாள். சாயங்காலமே வர வேண்டியவர்கள், இருட்டத் தொடங்கியும் வரவில்லை.

“இவனை நம்மால சமாளிக்க முடியாதுக்கா. இருக்கிறதே நாம ரெண்டு பேர்.”

“தெரியுதுடி. அதைச் சொல்லத்தானே கூப்பிடறேன்.”

முன்பும் ஒரு பிள்ளையை இப்படித்தான் விட்டுவிட்டுப் போனார்கள். வார்டனுக்கு ஆத்திரம் பொங்கியது. போலீஸுக்குச் சொல்வதற்கு முன் தெருவை ஒருமுறை பார்த்துவிடலாமென்று, போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தாள்.

மதிலோரம், காலையில் நிறுத்திய இடத்திலேயே அவர்களுடைய பழைய கார் நின்றது. கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே போன் அலறிக்கொண்டிருந்தது. அப்பா ஸ்டியரிங்கில் கவிழ்ந்து குறட்டை விட, அம்மா வாயைத் திறந்தபடி அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். பையனை உள்ளே விட்டுவிட்டு வந்தவர்கள் வண்டியைக் கிளப்பவே இல்லை.

வார்டன் எழுப்பக் கையை நீட்டினாள். எழுப்பினால் சொல்வதற்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

போனை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“என்னக்கா, ஆளு அகப்பட்டாங்களா?”

“இல்ல. நீ பையனுக்குச் சாப்பாடு போடு.”