நாயில்லாத கயிறு

இருந்த ஒரே காரையும் புருஷன் ஆபீசுக்கு எடுத்துப்போய்விட, தெய்வானை ஒஹாயோவின் அந்தப் புறநகர்த் தெருவில் காலார நடந்தால் போதும், வழி தவறிவிட்டதா, உதவி வேண்டுமா என்று காரை நிறுத்தி உயிரை எடுத்தார்கள். அங்கே நாயோ கைக்குழந்தையோ இல்லாமல் யாரும் நடப்பதில்லை. வெறுத்துப்போய் நாய்க்கயிறு ஒன்றை வாங்கி, வெறுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

நாய் ஓடிவிட்டதா, பெயர் என்ன என்று எதிர்வீட்டு லிண்டா பதறினாள். கல்யாணமானதிலிருந்து வாயால் சொல்லாத புருஷன் பெயர், எரிச்சலில் வந்து விழுந்தது.

"குமரகுரு! குமரகுரு!" தெருவே கூவியது. குழந்தைகள் புதருக்குள் பிஸ்கட்டை நீட்டினார்கள்.

தெருமுனையில் கார் நின்று கண்ணாடி இறங்கியது. "என்னடி இது? எல்லாரும் என் பேரச் சொல்லிக் கத்துறாங்க?"

தெய்வானை கயிற்றைச் சுருட்டினாள். "கிடைச்சுட்டாருன்னு சொல்லிரட்டுமா?"