அஞ்சாம் வீட்டு அட்டை

ஜப்பான்ல ஏழு வருஷமா இருக்கேன்னு சொன்னதுமே உங்க மூஞ்சி மாறுது பாருங்க. அவமானக் கதை வேணும், அதானே? ரயில்ல என் பக்கத்து சீட்ல யாரும் உக்காரலை, வாடகைக்கு வீடு தரலை, அந்த மாதிரி. ஒரு தடவை "அடப்பாவமே"ன்னு சொல்லிட்டுப் போகலாம்னு நாக்கு துடிக்குது.

தரேன். ஆனா இதுல நான் ஜெயிச்சேன். அழுறதுக்குன்னு வந்தவங்க எந்திரிச்சுப் போகலாம்.

எங்க சந்துல ஒம்பது வீடு. நாங்க அஞ்சாவது. நேபாளத்துலேர்ந்து வந்த நான், என் சம்சாரம் மன்மாயா, ரெண்டு பேருக்கும் சாப்பாட்டு டப்பா அடைக்கிற ஃபேக்டரில வேலை. வாரத்துல ஆறு நாள்.

மாசம் ரெண்டு தடவை சந்து முழுக்கச் சுத்தி ஒரு கிளிப் அட்டை வரும். குடியிருப்போர் சங்கம் அனுப்புறது. யாரு செத்தா, என்னைக்குத் தண்ணி நிக்கும், நாய்க்கு எப்ப ஊசின்னு காகிதம் செருகியிருக்கும். படிச்சுட்டு, கையெழுத்துக்குப் பதிலா குடும்ப முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டுக் கதவுல மாட்டணும்.

நாலாம் வீட்டு உஷியாமா, எழுவது வயசு மனுஷன், எங்க வாசலைத் தாண்டிப் போய் ஆறாம் வீட்ல மாட்டுவாரு. ஜன்னல் வழியா பாத்துகிட்டே இருப்பேன். எங்க வாசல் வந்ததும் அவரு நடை மாறும். மூச்சைப் பிடிச்சுகிட்டு, குதிகால் தரையில படாம, தூங்குற நாயைத் தாண்டுற மாதிரி.

தண்ணி நிக்கிற நாளை மட்டும் வாசல்ல நின்னு வாயால சொல்லிடுவாரு. நமக்கு அது போதும்னு நினைச்சிருக்காரு போல.

மூணு வருஷம்.

"ஏன்யா, நாம என்ன வீடா, விளக்குக் கம்பமா?"ன்னா மன்மாயா. "நமக்கு அப்புறம் வந்த எட்டாம் வீட்டுக்குக்கூடப் போகுது."

"அவங்க இந்த நாட்டுக்காரங்க."

"அப்ப நாம?"

 அன்னைக்கே ஒரு பேர்ப்பலகை வாங்கினேன். 'ராய்'னு அவங்க எழுத்துலயே, தெருமுனையிலேர்ந்து தெரியுற சைஸ்ல. அடுத்த தடவை உஷியாமா நின்னாரு. எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. பலகைக்கு ஒரு கும்பிடு போட்டாரு. ஆறாம் வீட்டுக்குப் போயிட்டாரு.

சங்கத்தோட வருஷக் கூட்டம் வந்துச்சு. மூணே மூணு வாக்கியம். ஒரு மாசம் குளியலறையில மனப்பாடம் பண்ணிட்டுப் போய் எழுந்து நின்னேன்.

"நான் அஞ்சாம் வீட்டு ராய். மூணு வருஷமா அட்டை எங்களைத் தாண்டிப் போகுது. நாங்களும் இந்தச் சந்துதான்."

இருபது பேரும் அவங்கவங்க டீயைப் பாத்தாங்க. தலைவர் ஓகுச்சி பல்லிடுக்குல காத்தை இழுத்தாரு.

"ஸ்ஸ்ஸ்... அது வந்து... கொஞ்சம்..."

அவ்வளவுதான். இந்த ஊர்ல அதுக்கு 'முடியாது'ன்னு அர்த்தம். நான் விடலை. அவரை விட நீளமா இழுத்தேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்... கொஞ்சம் என்னங்க?"

பின் வரிசையில ஒரு அம்மாவுக்கு டீ மூக்கு வழியா வந்துடுச்சு.

உஷியாமா எழுந்தாரு. "தப்பு என்னோடதுதான். அடுத்த அட்டையிலேர்ந்து மாட்டிடுறேன்"னு குனிஞ்சாரு. நிமிர ரொம்ப நேரம் ஆச்சு. என்ன நடிப்புடா சாமின்னு நினைச்சுகிட்டேன்.

யாரும் கை தட்டலை. ஆனா வெளியில வரும்போது மன்மாயா என் கையைப் பிடிச்சுகிட்டு நடந்தா. பதினோரு வருஷக் கல்யாணத்துல, நடுத்தெருவுல, அதுதான் மொத தடவை.

அடுத்த வாரம் ஃபேக்டரிலேர்ந்து வந்தா, கதவுல தொங்குது அட்டை.

மன்மாயா மோமோ அவிச்சா. அட்டையை நடுவுல வச்சு போட்டோ எடுத்து ஊர்ல இருக்கிற மச்சானுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டான். "என்ன மாப்ளே, இந்த வயசுல பரீட்சை எழுதப் போறியா?"

"போடா. நாங்க இந்தத் தெருக்காரங்கன்னு ஒத்துகிட்டாங்கடா"ன்னேன்.

காகிதத்துல ஒரு எழுத்துகூட எனக்குப் புரியலை. பேச்சு வரும், படிப்பு வராது. ஆனா ஒரு தாள்ல, பலகையில இருக்கிற அதே எழுத்துல எங்க பேரு இருந்துச்சு, பக்கத்துல காலிக் கட்டம். குத்தினேன் பாருங்க ஒரு குத்து, தட்டுல இருந்த மோமோ எல்லாம் ஒரு துள்ளு துள்ளிச்சு.

புதுச் சட்டை போட்டுகிட்டு, அட்டையை மார்போட அணைச்சு, ஆறாம் வீட்டுக்குப் போனேன். கதவுல மாட்டிட்டு வரலாம்தான். ஆனா கையில குடுக்கணும், யாராவது பாக்கணும். மணியை அடிச்சேன்.

முடி வெட்டுற கடை நெசு வெளிய வந்தாரு. நாக்குல கத்திரிக்கோல் வச்சிருக்கிற ஆளு, நிறுத்தவே மாட்டாரு.

"ஆஹா, ராய் சான். முத்திரையும் குத்தியாச்சா. அப்ப இந்த ஞாயித்துக்கிழமை நீங்களா?"

"எதுக்கு?"

"சாக்கடை தூர் வாரத்தான். காலைல ஆறு மணி. மண்வெட்டி சங்கத்துலயே இருக்கு, பூட்ஸ் மட்டும் நீங்க கொண்டு வாங்க."

"நானா?"

"அட்டை வர்ற வீடு எல்லாம் முறை வச்சு வாரணுமே. இத்தனை நாளும் உங்க முறையையும் சேத்து உஷியாமாதான் வாரிகிட்டு இருந்தாரு. 'அந்தப் புள்ளைங்களுக்கு வாரத்துல ஒருநாள்தான் தூக்கம். அட்டையை அவங்க கண்ணுல காட்டாதீங்க, பாத்தா எந்திரிச்சு வந்துடுவாங்க'ன்னு எங்க எல்லாரு வாயையும் கட்டிப் போட்டிருந்தாரு."