நாலாவது தூண்

"நம்ம ஊரு மரமெல்லாம் இதுக்குச் சரிப்படாதும்மா. லண்டன்லருந்து வரவழைக்கறேன், ஆர்டர் குடுத்தாச்சு" என்றார் ஜோசப் ராஜ்.

அரூரில் மரப்பட்டறை நடத்தும் சாயிரா, அவருடைய 1934-ஆம் வருடத்துக் காரைச் சுற்றி வந்தாள். மேலே தகரம் போர்த்தியிருந்தாலும் உள்ளே அந்தக் காரின் எலும்புக்கூடு முழுக்க மரம். கதவுகளைத் தாங்கும் நான்கு தூண்களில் மூன்று, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தன.

"நாலாவதைப் பாரும்மா" என்று அவர் பெருமையாகத் தட்டினார். கணீரென்றது. "தொண்ணூறு வருஷம்! அதான் வெள்ளைக்காரன் மரம். இதே மாதிரி மூணு செஞ்சாப் போதும்."

"உள்பக்கம் பாக்கலாங்களா சார்?"

சாயிரா லெதர் உறையைக் கழற்றினாள். தூணில் வழவழவென்று ஒரு பள்ளம் இருந்தது. அதன் இருபுறமும் துளைகள்.

"ஓட்டை எதுக்கும்மா? ஒயர் போறதுக்கா?"

அவள் பள்ளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"மாட்டைக் கட்டற பூட்டாங்கயிறு மாட்ற குச்சிக்குங்க சார். இது பூவரசு. மாட்டு வண்டி நுகத்தடி. மாட்டுக் கழுத்து பட்டுப் பட்டுத் தேஞ்ச பள்ளம் இது. எந்தக் காலத்துலயோ நம்மூரு ஆசாரி யாரோ, மயிரிழை பிசகாம சேத்திருக்காருங்க."

"அப்ப லண்டன் மரம்?"

சாயிரா தரையில் உதிர்ந்து கிடந்த மாவைக் காட்டினாள்.

ஜோசப் ராஜ் அந்தப் பள்ளத்தில் கை வைத்தார். எடுக்க மனம் வரவில்லை. மறுகையால் போன் போட்டு லண்டன் ஆர்டரை வேண்டாமென்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"நம்ம பாப்பாரப்பட்டி பக்கம் யார் வூட்லயாவது பழைய நுகத்தடி இருக்குமாம்மா?"