ஸ்கீ பார்க்க வந்தவர்

பெண் வீட்டார் அனுப்பிய மனிதர் பல்லைக் குத்திக்கொண்டிருந்த குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அதன் ஈர நுனியால் புத்தம் புது ஸ்கீயின்மேல் ஒரு கோடு இழுத்தார். பெயின்ற் உரிகிறதா என்று சோதிக்கிறாராம்.

இந்திரகுமார் அந்த ஈரக் கோட்டைத் துணியால் துடைத்தான். ஆனாலும் சிரித்தான். சட்டைப் பையில் அந்தப் பெண் சத்தியபாமாவின் படம் இருந்தது.

மெல்போர்னின் புறநகரான டண்டினோங்கில் அவன் வேலை செய்த கடை, பனிமேல் ஓடும் மோட்டார் பனிவண்டிகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை. பனிவண்டியின் முன்பக்கம் சில்லுக்குப் பதிலாக இருக்கும் இரண்டு நீளத் தகடுகள்தான் ஸ்கீ. வண்டியோடு வந்தது வளைந்துபோனால் வேறு கம்பனிக்காரன் செய்ததை வாங்கிப் பூட்டலாம். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று சொல்வது இந்திரகுமாரின் வேலை. அதில் அவனை மிஞ்ச அந்தக் கடையில் ஆள் கிடையாது.

படத்தோடு தாய்மாமன் கொழும்பிலிருந்து எழுதிய கடிதமும் பைக்குள் இருந்தது. ‘சுன்னாகத்துப் பெண் வீட்டார் மெல்போர்னில் தங்களுக்கு வேண்டிய ஒருவரைச் சனிக்கிழமை உன் கடைக்கு அனுப்புகிறார்கள். யாரென்று சொல்லமாட்டார்கள். வந்தவர் உன்னைப் பார்த்துவிட்டு எழுதும் கடிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கவனம்.’

முப்பத்தைந்து வயதாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. 1976இல் மெல்போர்னில் ஒரு தமிழ் முகத்தைக் காண்பதே அபூர்வம். அன்று சனிக்கிழமை, இந்த மனிதர் உள்ளே நுழைந்து, “தமிழோ? நான் வரதராஜா” என்றதுமே, இவர்தான் ஆள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

வரதராஜா கோட்டுப் பையிலிருந்து கடலையை எடுத்துக் கொறித்து, அதன் கோதுகளைக் கவுண்டரிலேயே துப்பினார். “இந்த ஒடுங்கினது நல்லா மினுங்குது. இதைத்தான் பூட்டப்போறன்.”

“ஐயா, வண்டியில எத்தினை பேர் போவியள்?”

“நானும் மனுசியும். நடுவில சின்ன மகள். ஏன் கேக்கிறீர்?”

இந்திரகுமாருக்குத் திக்கென்றது. இந்த ஊர் மலைகளில் விழுவது ஈரப்பனி. அத்தனை பாரத்தோடு போனால் ஒடுங்கின ஸ்கீ அதற்குள் புதையும். சரிவில் என்றால் வண்டியே புரளும்.

அரை மணித்தியாலத்துக்கு முன் நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து ஸ்கீ விசாரித்தபோது, இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொல்லியிருந்தான். “அகலமானதை எடுங்கள். மற்றதை நீங்கள் கேட்டாலும் தரமாட்டேன்” என்றுகூடச் சொன்னான். கிழவி ஒன்றும் வாங்கவில்லை. இன்னும் கதவடியில் நின்று கையுறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, ஈரப்பனிக்கு அகலமானதுதான்...” என்று தொடங்கினான்.

“நீர் எனக்குப் படிப்பிக்க வாறீரோ?” வரதராஜாவின் முகம் கடுகடுத்தது. “உந்தக் கதவு வேற திறந்து கிடக்கு. குளிர் அள்ளிக்கொண்டு வருது.”

கிழவி திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

வரதராஜா படாரென்று தும்மினார். புறங்கையால் மூக்கைத் துடைத்து, அந்தக் கையை அகலமான ஸ்கீயின்மேல் சாவகாசமாகத் தடவினார். “இது மண்வெட்டி மாதிரிக் கிடக்கு. ஒடுங்கினதுதான் வடிவு. என்ன சொல்லுறீர்?”

சீ, இதுவும் ஒரு மனிதனா என்றிருந்தது இந்திரகுமாருக்கு. ஆனால் சுன்னாகத்துக்குக் கடிதம் எழுதப்போவது இந்த மூக்குத் துடைத்த கைதானே!

“ஓம் ஐயா. நீங்கள் சொல்லுறதுதான் சரி.”

“மூண்டு பேர் போகலாம்தானே?”

இந்திரகுமார் அகலமானதை ஒரு பக்கம் ஒதுக்கினான். “தாராளமாப் போகலாம்.”

சொன்னதும் வாயெல்லாம் கசந்தது. இவ்வளவு நேரமும் அந்த மனிதர்மேல் இருந்த அருவருப்பு அப்படியே தன்மேல் திரும்பிவிட்டதை உணர்ந்தான். கலியாணம் முடியட்டும், பிறகு எப்படியாவது ஸ்கீயை மாற்றிக் கொடுக்கலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னான். மனம் சமாதானம் ஆகவில்லை.

ஒடுங்கின ஸ்கீ இரண்டையும் தானே சுமந்துபோய்க் காரில் ஏற்றிவிட்டான். வரதராஜா காரை ஸ்டார்ட் செய்ததும் ஜன்னலில் குனிந்து குழைந்தான்.

“மாமா, சுன்னாகத்துக்கு எப்ப எழுதுவியள்?”

“சுன்னாகமோ? நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொழும்பு. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அதோட, நான் எப்ப உமக்கு மாமா ஆனனான்?”

சொன்னபடியே அவர் காரை எடுத்தார். “ஐயா, நில்லுங்கோ! அந்த ஸ்கீ...” என்று அவன் சுதாரித்துக் கத்துவதற்குள் கார் சந்தியைத் தாண்டிவிட்டது.

உள்ளே திரும்பி வந்தான். கவுண்டரெல்லாம் கடலைக் கோது. அவனுக்காகக் காத்திருந்ததுபோல் அந்தக் கிழவி அங்கே வந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையுறை ஏதாவது வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

கிழவி கவுண்டரில் கிடந்த கோதை ஒரு தாளால் ஒதுக்கிவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“சத்தியபாமா யாழ்ப்பாணத்தில நான் படிப்பிச்ச பிள்ளை, தம்பி. மூண்டு பேர் தாராளமாப் போகலாம் எண்டு அவவுக்கு எழுதட்டோ?”