தேன் இல்லாத பொட்டலம்

ஒரு காட்டில் காகமும் கீரியும் காய்ச்சலுக்கான மருந்து வேரைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவந்தன. கூலி கிடையாது. அதை எல்லாரிடமும் சொல்லிக்காட்ட இரண்டும் மறந்ததே இல்லை.

ஒருநாள் தாய்முயல் ஓடிவந்தது. “அண்ணே, குட்டிக்கு உடம்பு கொதிக்குது. வேரைத் தேன்ல குழைச்சுத்தானே கொடுக்கணும்? பொட்டலத்துல தேனே இல்லையே!”

“தேன் தனிப் பொட்டலமா வரணும். அது என் வேலை இல்லை” என்றது காகம்.

“ரெண்டையும் சேர்த்துக் கட்டணும்னு நான் அப்பவே சொன்னேன்” என்றது கீரி.

“சும்மா உழைக்கிற எனக்கு நீ என்ன முதலாளியா?”

சண்டை முற்றியது. முயலின் பக்கம் யாரும் திரும்பவில்லை. அது தானே தேனடையைத் தேடிப் போய், தேனீக்களிடம் கொட்டு வாங்கி, வீங்கிய முகத்தோடு தேன் கொண்டுவந்தது. குட்டி பிழைத்தது.

மறுநாள் முயல், வேரையும் தேனையும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தது. “மத்தவங்களுக்குக் கொடுங்கண்ணே.”

காகம் அலகால் புரட்டியது. கீரி மோந்து பார்த்தது.

“முடிச்சு இடப்பக்கம் இருக்கே!” என்றன இரண்டும் ஒரே குரலில்.

அவை ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. பொட்டலங்களைக் குப்பையில் தள்ளிவிட்டு, காய்ச்சலில் நடுங்கி நின்ற அணிலுக்கு வெறும் வேரை எடுத்து நீட்டின.