பத்தடி தள்ளி

ஆய்வறையில் திரைச்சீலைகளை மூடியிருக்கிறார்கள். ஏர்கான் மட்டும் உறுமுகிறது. சிலுவைராஜ் கணினித் திரையில் மூக்கு உரசும்படி குனிந்து பார்க்கிறார். கறுப்பும் சாம்பலுமாகச் சதுரங்கள். செத்துப்போன மனைவி பிரிஜட் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறாள், கோயில் பிக்னிக்கில் எடுத்த கூட்டப்படத்தின் கடைசி வரிசையில், பயறளவு முகமாக. படங்களைக் கண் எப்படிப் பார்க்கிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராயும் அமலி அந்த முகத்தைப் பெரிதாக்கியிருக்கிறாள். “என்னம்மா இது, கக்கூஸ் ஓடு மாதிரி? இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?” “கிட்ட நின்னா கட்டம்தான் தெரியும் அங்கிள். பின்னால போய்ப் பாருங்க லா.” நம்பாமல்தான் போகிறார். பத்தடி தள்ளிக் கதவில் முதுகு இடிக்கும்போது சதுரங்கள் கரைகின்றன. பிரிஜட் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்க்கிறாள். கையை நீட்டியபடி நாலு எட்டு வைக்கிறார். மறுபடியும் ஓடுகள். பின்வாங்குகிறார், அவள் வருகிறாள். அதற்குமேல் அவர் நகரவில்லை. “இதே அளவுல பிரிண்ட் எடுத்துத் தரேன் அங்கிள், வீட்டுல மாட்டுங்க.” கதவோடு ஒட்டி நின்றபடி வேண்டாமென்று தலையை ஆட்டுகிறார். “சிராங்கூன் ரோட்டுல ஒத்த ரூம்தாம்மா. கட்டிலுக்கும் சுவத்துக்கும் ஆறடிதான். அங்க இவ வரமாட்டா.”