முழங்காலைக் கைதுசெய்த கவட்டைகள்

ஓர் உடம்புக்குள்ளே சடையப்பன் என்றொரு வெள்ளையணு இருந்தான். காய்ச்சல் கிருமிகளைக் கவ்விப் பிடிக்க, காம்பும் இரு கிளையுமாக இருக்கும் கவட்டைகளைச் செய்வது அவன் வேலை. கிருமிகள் எல்லாம் பிடிபட்டுச் செத்தன, காய்ச்சலும் விட்டது. ஆனாலும் சடையப்பனின் கை ஓயவில்லை. எங்கேயாவது இன்னொரு கிருமி ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு.

இரத்தம் முழுக்கக் கவட்டைகள் நெருக்கியடித்தன. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் அவை முழங்காலைச் சுற்றி வளைத்தன.

"எங்கேயிருந்து வந்தே?" என்று அதட்டின.

"பிறந்ததிலேருந்து இங்கேதானய்யா இருக்கேன்!" என்று முழங்கால் அழுதது.

"எல்லாக் கிருமியும் இதைத்தான் சொல்லும்!"

முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. உடம்பால் எழுந்திருக்கவே முடியவில்லை.

இப்படி மிஞ்சிப்போவதை அடக்கும் வெள்ளையணு கோமளம். அவள் சடையப்பனிடம் பதறி ஓடிவந்தாள். "நிறுத்துங்கண்ணே!"

"நாளைக்குக் கிருமி வந்தா நீயா பதில் சொல்லுவே?"

கோமளம் வாதாடவில்லை. செத்த கிருமியைக் கவ்வியபடி மிதந்த ஒரு பழைய கவட்டையை இழுத்துவந்து, அதன் காம்பைச் சடையப்பனின் தோளில் மாட்டினாள்.

"அப்பா, பிடிச்சாச்சு. போதும்ப்பா," என்றது கவட்டை.

பெற்ற பிள்ளையே சொன்னதும் அவன் கை நின்றது. கவட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. முழங்கால் வீக்கம் வடிந்து, உடம்பு எழுந்து நடந்தது.

முதன்முறையாகச் சடையப்பன் சும்மா உட்கார்ந்தான். இருதயம் துடிக்கும் சத்தம் அப்போதுதான் அவன் காதுக்கு எட்டியது.

"கோமளம்!" என்று துள்ளி எழுந்தான். "யாரோ கதவைத் தட்டுறாங்க!"